வெள்ளிக்கிழமைப் பால்

வெள்ளவத்தை,
24.02.2024

அன்புள்ள வினோதா அண்ணிக்கு,

கொழும்பு என்னை இன்னும் விழுங்கவில்லை, நலமாக இருக்கிறேன். நீங்களும் கஜேந்திரன் அண்ணனும், பிறந்த மூன்றாம் மாதமே லயத்து வீட்டு வரிசையை ஆளத் தொடங்கிவிட்ட என் மருமகன் திலக்ஷனும் நலம்தானே?

அண்ணி, வேலை கிடைத்துவிட்டது! போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நம் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் இருப்பது கோயில் மேட்டில் மட்டும். அண்ணனின் போனில் வேலை செய்வது ஸ்பீக்கர் மட்டும். போன மாதம் எனக்குச் சளி என்று சொன்னதற்கு மூன்று லயத்து ஆட்கள் வரிசையில் நின்று மருந்து சொன்னார்கள். ஆகவே நமக்குள் இனிக் கடிதம்தான்.

கம்பனி வெளிநாட்டிலிருந்து குழந்தைப் பால்மா இறக்குகிறது. டின்னில் மூன்று மொழியும் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைச் சரிபார்ப்பது நான்! இனி இந்தத் தீவில் எந்தத் தமிழ்க் குழந்தை எங்கள் பாலைக் குடித்தாலும் அது என் எழுத்தைத் தாண்டித்தான் குடிக்க வேண்டும்.

இது மிகவும் பணிவான சாமான், அண்ணி. "தாய்ப்பாலே சிறந்தது" என்று டின்னிலேயே போட வேண்டும். என்னைவிட நல்லது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று தன் மேலேயே எழுதிக்கொண்டு கடைக்கு வருகிற சரக்கு உலகத்தில் வேறு ஏதாவது உண்டா? கம்பனியும் இந்த வரியை மிகவும் மதிக்கிறது. அதற்கென்றே வெண்ணெய் நிற டின்னில் வெண்ணெய் நிற எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குழந்தைப் படம் போடக் கூடாது என்றும் விதி. அதனால் அணையாடை கட்டிய கரடிக்குட்டி ஒன்றைப் போட்டிருக்கிறோம். கரடிக்குட்டி எங்கள் பாலைக் குடிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஆறு மாதம் தற்காலிக வேலை, ஆகஸ்டில்தான் நிரந்தரம்.

எங்கள் மனேஜர் கிஷாந்த் சேர் முதல் நாளே பால்மா விதிக்கோவையை என் கையில் கொடுத்துவிட்டார். "முழுசாப் படிங்க ஜெயந்தினி. வேலி எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பொந்து எங்க இருக்குன்னு தெரியும்" என்றார். எவ்வளவு அனுபவசாலி!

டின்னில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? பசுப்பால், பால் சர்க்கரை, மரக்கறி எண்ணெய், மீன் எண்ணெய், இரும்பு, நாகம் என்கிற சிங்க், இன்னும் என் வாயில் நுழையாத இருபது சாமான். தாயிடம் இதெல்லாம் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அண்ணனுக்கு என் அன்பு. மருமகனின் கன்னத்தில் ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
லேபல் பரிசோதகராகிவிட்ட உங்கள் நாத்தனார்,
ஜெயந்தினி


சின்னக்கித்துல் தோட்டம்,
லிந்துலை,
05.03.2024

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சளி போய்விட்டதா என்று கோயில் மேடே கேட்கிறது.

எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே. பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் உன் மருமகன். ஒரு கையால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலால் கடதாசியை உதைத்துக்கொண்டு குடிக்கிறான். இந்தப் பக்கத்தில் நனைந்த இடம் மழை அல்ல.

நான் மலை வேலைக்குத் திரும்பிவிட்டேன். நாங்கள் கொழுந்து எடுக்கும்போது பிள்ளைகளைச் சண்முகவடிவு அக்கா காம்பராவில் பார்த்துக்கொள்கிறார். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, பால்கொடுக்கிற தாய்மாருக்கு அரைமணி நேரம் உண்டு. ஆண்டியப்பன் கங்காணி விசில் அடித்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி இறங்குவோம். ஏழாம் நம்பர் மலை எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும். நேற்று அக்கா வாசலில் நின்று கத்துகிறார்: "அடியே, ஓடியாராத புள்ள! குலுங்கிக் குலுங்கிப் பாலு மோராயிரப் போவுது!"

உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். எல்லோருக்கும் பெருமை. அக்கா மட்டும் ஒரு விசயம் கேட்கச் சொன்னார். டின்னில் மீன் எண்ணெய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அப்படியென்றால் வெள்ளிக்கிழமை அதைத் தொடலாமா? நம் லயத்தில் வெள்ளிக்கிழமை கருவாட்டுச் சட்டியைக்கூடத் திண்ணைக்கு வெளியே வைப்பவர் அவர்தானே.

இன்னொன்று சொல்ல வேண்டும். இவனுக்குப் பல் முளைக்கிறதோ என்னவோ, நேற்று

கங்காணி திரும்பி வர விசில் அடித்துவிட்டார். ஓடுகிறேன்.

வினோதா


வெள்ளவத்தை,
16.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதுகிறேன், ஏனென்றால் இன்று மூன்று ஆள் அளவுக்குச் சந்தோசம்!

கூட்டத்தில் கிஷாந்த் சேர் எல்லோரையும் பார்த்து, "மலைநாட்டுக்குள்ள எப்பிடிப் போறது?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, தாய்மார் மலையில் இருக்கும்போது குழந்தைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "பகல் முழுக்கவா?" என்றார் சேர். "பகல் முழுக்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை, ஆற்றில் இரத்தினக்கல் எடுத்தவன் முகத்தில்தான் பார்க்கலாம்.

முதல் தோட்டம் நம்முடையது! நம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால்மா! விதிக்கோவையில் இலவசம் கூடாது, மாதிரி கூடாது, அன்பளிப்பு கூடாது என்று மூன்று கூடாது இருக்கிறதே என்று கேட்டேன். சேர் சிரித்தார். "இது அன்பளிப்பு இல்ல. போஷாக்கு ஒத்துழைப்பு" என்றார். உண்மையிலேயே அந்தச் சொல் விதிக்கோவையில் எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

இது நன்றாக நடந்தால் ஆகஸ்டில் என் வேலை நிரந்தரம் என்று சேர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

மீன் எண்ணெய் விசயத்தையும் அவரிடம் கேட்டேன். "டி.எச்.ஏ.ன்னு போட்டா அது சைவம்" என்றார். ஆனால் அண்ணி, உங்களிடம் நான் பொய் சொல்லமாட்டேன். அது மீன்தான்.

மருமகனுக்குப் பல்லா? நேற்று என்ன ஆனது? கங்காணி விசிலுக்கு முன்னால் முடித்து எழுதக் கூடாதா!

உங்கள்
ஜெயந்தினி


சின்னக்கித்துல் தோட்டம்,
லிந்துலை,
29.04.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

இங்கு யாவரும் நலமே. அதுபோல் உன் நலத்தையும் உன் அலுவலக நண்பர்களின் நலத்தையும் அறிய மிக்க ஆவல்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். பால்மா கொடுக்கும் விழா மிகச் சிறப்பாக நடந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் வாழைமரம் கட்டினார்கள். கரடிக்குட்டி உடுப்புப் போட்ட ஒருவர் வந்தார். பிள்ளைகள் அவரைக் கண்டு அலறின. உள்ளே இருந்தவர் லிந்துலைப் பையன்தான் என்பதால் தலையைக் கழற்றிக் காட்டி, "நான்தாங்க, பயப்புடாதீங்க" என்றார். தலையைக் கையில் வைத்திருந்த கரடியைக் கண்டு இன்னும் அலறின.

தோட்டத்தை நடத்தும் தொரை பேசும்போது உன் பெயரைச் சொன்னார். "இந்தத் தோட்டத்துப் பிள்ளை கொழும்புக்குப் போயும் தோட்டத்தை மறக்கல்ல" என்றார். உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்முகவடிவு அக்காவுக்குக் கம்பனி ஒரு சேலை கொடுத்தது. அதில் கரடிக்குட்டி கரை.

காம்பராவில் இப்போது பால் நிறைய இருப்பதால், நாங்கள் நடுவில் மலையிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்று தொரை சொல்லிவிட்டார். அலைச்சல் மிச்சம். கொழுந்தும் கூடுதலாக எடுக்கிறோம். எவ்வளவு வசதி பார்.

அக்கா நன்றாகச் சமாளிக்கிறார். காலையில் மலைக்குத் தேத்தண்ணி போடுகிற பெரிய கேத்தலிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேயடியாகப் பாலைக் கலந்து வைத்துவிடுகிறார். அழுகிற பிள்ளைக்கு அவ்வப்போது ஊற்றிக் கொடுக்கிறார். டின் சீக்கிரம் முடியக் கூடாது என்பதற்காகத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறார்.

உன் அண்ணன், சின்னவன் திலக்ஷன், அயலவர் அனைவரும் உன்னை மிகவும் கேட்டதாகச் சொன்னார்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணி,
கஜேந்திரன் வினோதா


வெள்ளவத்தை,
07.05.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து அசந்துபோனேன்! கையெழுத்து முத்து முத்தாக, கோடு போட்டது போல! பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சைக்குக்கூட நீங்கள் இப்படி எழுதியிருக்கமாட்டீர்கள். கடிதம் முழுதாக முடிந்தும் இருக்கிறது! கிஷாந்த் சேர் அதைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொன்னார். "எவ்வளவு வசதி பார்" என்ற இடத்தில் கை தட்டினார்கள். அடுத்த ஆண்டறிக்கையில் நீங்கள் வருவீர்கள், அண்ணி!

ஆனால் அந்தக் கேத்தல்! அதை வாசிக்கும்போது எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. கை தட்டியவர்களில் ஒருவருக்கும் குளிரவில்லை. பால்மா தேத்தண்ணி அல்ல, அண்ணி. அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும், குடிக்கிற நேரத்தில், தனித்தனியாகத்தான் கலக்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்து, சூடு முழுதாகப் போவதற்கு முன் தூளைப் போட்டு, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். டின்னுக்குள் இருக்கிற கரண்டியால்தான் அளக்க வேண்டும். தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை வயிறு நிறையும், உடம்பு நிறையாது. மிச்சம் இருந்தால் ஊற்றிவிட வேண்டும். காலையில் கலந்ததைப் பகலில் கொடுத்தால் அது கிருமிக்குத்தான் போஷாக்கு. இதெல்லாம் டின்னிலேயே இருக்கிறது. வெண்ணெய் நிறத்தில்.

சேரிடமும் சொன்னேன். "அது அவங்க பாவிக்கிற பிழை, எங்க லேபல் சரிதானே?" என்றார். லேபல் சரிதான்.

உடனே பதில் போடுங்கள்.

ஜெயந்தினி


சின்னக்கித்துல் தோட்டம்,
லிந்துலை,
02.06.2024

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்திற்கு மாரியம்மனை வேண்டுகிறோம்.

இங்கு நல்ல மழை. அகரப்பத்தனைப் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. உன் அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் பகுதியிலிருந்து சல்லடைக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. கோவா விலை இறங்கிவிட்டது என்று கீழ் டிவிசன் மரக்கறித் தோட்டக்காரர்கள் மாட்டுக்குப் போடுகிறார்கள். மாடுகள் அலுத்துப்போய் நிற்கின்றன.

கேத்தல் விசயத்தை அக்காவிடம் சொன்னேன். "இத்தன புள்ளைக்கும் தனித்தனியாக் கலக்க எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? சொல்றவுங்கள வந்து கலக்கச் சொல்லு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. திலக்ஷனுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. நானும் காலையிலும் மாலையிலும் என் பால் கொடுக்கிறேன். இப்போது பரவாயில்லை.

முன்பெல்லாம் ரவிக்கைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டுதான் மலைக்குப் போவேன். இப்போது அது தேவைப்படுவதில்லை. துவைக்கிற வேலை மிச்சம்.

உன் வேலை எப்படிப் போகிறது? ஆகஸ்ட் வந்துவிடும். அதுவரை எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்துக்கொள். இங்கே எல்லாம் வசதியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணி,
கஜேந்திரன் வினோதா


வெள்ளவத்தை,
07.06.2024

அண்ணி,

உங்கள் மூன்று கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது கோணல்மாணல். நடுவில் உதை, ஓரத்தில் பால் கறை, பாதியில் விசில். மற்ற இரண்டும் முத்து முத்தாக இருக்கின்றன. கறை இல்லை, உதை இல்லை. ஒவ்வொரு வரியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கையெழுத்து அழகு என்று பாராட்டினேனே. எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

நீங்கள் இப்போது எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்? மடியில் யார் இருக்கிறார்கள்?

பால் வற்றுகிறதா, அண்ணி? ஆகஸ்டைப் பற்றி எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜெயந்தினி


பிள்ளைக்காம்பரா,
14.06.2024, வெள்ளிக்கிழமை

அடி ஜெயந்தினி,

இன்று எழுத்துக் கோணும். இவன் மடியில் இருக்கிறான். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வற்றத்தான் செய்கிறது. பகலில் மலையில் கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு வலிக்காது. வலிக்காமல் போனதுதான் எனக்குப் பயம். சாயங்காலம் தூக்கினால் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போத்தல் பால் இறுத்து ஊற்றியது போல வருகிறது, என்னிடம் இழுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஏழு பேர் தொரையிடம் போய்க் கேட்டோம். "இலவசமாப் பால் வந்தும் இறங்கணுமா? இறங்கினா அரைப்பேர்தான்" என்றார். அரைநாள் சம்பளத்துக்குப் பயந்து திரும்பிவிட்டோம். உன் கம்பனி, உன் பெயர் சொல்லி நடந்த விழா. உன் வேலை நிரந்தரமாகும்வரை பேசக் கூடாது என்று நானும் உன் அண்ணனும் முடிவு செய்தோம்.

இன்றைக்கு எப்படி இங்கே இருக்கிறேன் என்று கேட்பாய். இன்று வெள்ளி. டின்னில் இருப்பது மீன்தான் என்று நீ எழுதியதை அக்காவிடம் வாசித்துக் காட்டியிருந்தேன். டின் வந்ததிலிருந்தே வெள்ளிக்கிழமை அவர் அதைத் தொடுவதில்லை. தொரை சத்தம் போட்டுப் பார்த்தார். "சீட்டுக் கிழிச்சாலும் சரிங்க, வெள்ளிக்கெழம மீனக் கலக்கமாட்டேன். ஆத்தா மொகத்துல முழிக்கணும் நான்" என்று அக்கா சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மட்டும் எங்களை இறங்க விடுகிறார்.

வாரத்தில் ஒரு நாள் என் பிள்ளைக்கு நான் தாய். அதுவும் அந்த மீனின் புண்ணியத்தில். இவன் இப்போதுதான்

விசில்.


வெள்ளவத்தை,
24.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மிகமிக நலம். உங்கள் கோணல் எழுத்தை வாசித்து அழுதேன். பிறகு கம்பனிக்குப் போய் விதிக்கோவையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். சேர் சொன்னது உண்மைதான், வேலி நன்றாகத் தெரிகிறது. பொந்து வழியாக யார் யார் போயிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. முதல் ஆள் நான்.

இப்போது செய்தியைக் கேளுங்கள்! போஷாக்கு ஒத்துழைப்பின் வெற்றியைப் படம் எடுக்க கம்பனி ஜூலையில் நம் காம்பராவுக்கு வருகிறது. சேர் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தார். "வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு ஆகாது சேர், கோயில் விரதம்" என்று சொல்லி 17ஆம் திகதி புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். பிற மதத்தவரின் உணர்வுகளை மதிக்க வேண்டும் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

அழைப்பிதழ் என் பொறுப்பு. "முக்கியமான ஆட்கள் எல்லாரையும் கூப்பிடுங்க" என்றார். முக்கியமான ஆட்கள் யார் என்று யோசித்தேன். சுகாதார வைத்திய அதிகாரி முக்கியமானவர். நம் குடும்பநல மாது இந்திராதேவி மிஸ் முக்கியமானவர். தாய்மாரின் பால்நேரத்தை மறிக்கக் கூடாது என்ற சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற தொழில் அதிகாரி மிகவும் முக்கியமானவர். மூவருக்கும் மும்மொழியில், கம்பனித் தாளில், தங்கக் கரை போட்டு அனுப்பிவிட்டேன். விதிக்கோவையின் பிரதி ஒன்றையும், "இலவசம்" என்ற பக்கத்தில் அடையாளத்தாள் வைத்து, மரியாதைக்காக இணைத்திருக்கிறேன். அடியில் என் கையொப்பம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். கேத்தல் வழக்கமான இடத்தில் வழக்கம்போல இருக்கட்டும். அக்காவைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள், அவரிடம் கொடுத்தது டின், பத்துக் கை அல்ல.

வேலை போனால் போகட்டும். நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் மூட்டைக்கு லேபல் ஒட்டுவேன். லீக்ஸுக்குக் கரடிக்குட்டி தேவையில்லை.

உங்கள்
ஜெயந்தினி


வெள்ளவத்தை,
20.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? என்ன நடந்தது? எழுதுங்கள், எழுதுங்கள்!

வேனில் இடமில்லை என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். புதன்கிழமை பகலுக்குமேல் இங்கே எல்லாப் போனும் ஒரேயடியாக அடித்தது. ஒருவர் ஓடிவந்து சுவரில் இருந்த விழாப் படங்களைக் கழற்றினார். கிஷாந்த் சேர் மறுநாள் வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார். "நீங்க அனுப்பின அழைப்பிதழ் மிச்சம் அழகு" என்றார். போய்விட்டார்.

நான் மேசை இலாச்சியைக் காலி செய்து பையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று கம்பனி அறிக்கை விட்டது. "விதிமுறைகளை மதிக்கும் எமது நிறுவனம், தானாக முன்வந்து அதிகாரிகளை அழைத்து, தனது செயற்பாட்டைத் தானே பரிசோதனைக்கு உட்படுத்தியது. இது இத்துறையில் முன்னுதாரணம்." தானாக முன்வந்தது நான்தான் என்பதால் என்னை வேலையிலிருந்து நிறுத்தினால் அறிக்கை பொய்யாகிவிடும் அல்லவா? ஆகவே ஆகஸ்டுக்குக் காத்திராமல் நேற்றே நிரந்தரமாக்கிவிட்டார்கள்!

கூடவே இடமாற்றம். திங்கள் முதல் நாய், பூனை உணவுப் பிரிவு. அங்கே விதி குறைவு. நாய் படம் தாராளமாகப் போடலாம். "தாய்நாய்ப் பாலே சிறந்தது" என்று போட வேண்டியதில்லை. மீன் எண்ணெயை மீன் எண்ணெய் என்றே எழுதுகிறார்கள், பூனைகள் அதை விரும்புமாம்.

இனி உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். முழுதாக. விசிலுக்கு முன்னால்!

ஜெயந்தினி


பிள்ளைக்காம்பரா,
06.08.2024, செவ்வாய்க்கிழமை

அன்பு நாத்தனாருக்கு,

மேலே கிழமையைப் பார்த்தாயா? வெள்ளி இல்லை!

உன் வேலை நிலைத்ததை உன் அண்ணன் கோயில் மேட்டில் உரக்க வாசித்தார். "நம்ம புள்ள இப்ப நாய்க்குச் சாப்பாடு பாக்குதாம்" என்று இரண்டு டிவிசனுக்கும் செய்தி போய்விட்டது. உன்னை விசாரிக்க லயத்து நாய்கள்தான் இன்னும் வரவில்லை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். காம்பரா முழுவதும் பலூன். சுகாதார வைத்திய அதிகாரி ஒரு சிங்கள அம்மா, அழகாகத் தமிழ் பேசினார். பலூனைப் பார்க்கவில்லை, நேராகக் கேத்தல் பக்கம் போய் மூடியைத் திறந்தார்.

"இது யாருக்குத் தேத்தண்ணி?"

"தேத்தண்ணி இல்லீங்க டொக்டர். புள்ளைகளுக்குப் பாலு" என்றார் அக்கா.

"எப்ப கலந்தது?"

"பெரட்டு நேரத்துல."

பகல் சாப்பாட்டு நேரம் அப்போது. டொக்டர் முகம் மாறிவிட்டது. ஒரு டின்னை எடுத்து உன் கிஷாந்த் சேரிடம் நீட்டி, "இதில பெரிசா எழுத வேண்டிய வரி ஒன்டு இருக்கு. வாசிங்க" என்றார். அவர் கண்ணாடி போட்டார், கழற்றினார், டின்னை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பாவம், அவருக்கே தெரியவில்லை. கடைசியில் அக்காதான் விரலால் தடவி, "இந்தா இருக்குங்க ஐயா, கரடி குண்டிக்குக் கீழ" என்று காட்டினார்.

"தாய்ப்பாலே சிறந்தது" என்று சேர் வாசித்தார்.

"சரி. தாய் எங்க?"

தொரைதான், "மலையில" என்றார்.

"யார் மறிச்சது?"

"யாரும் மறிக்கல்ல டொக்டர். இங்க பால் இருக்கு, தேவையில்லன்னுதான்..."

"யாருக்குத் தேவையில்ல?"

தொழில் அதிகாரி அதற்குள் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் தொரை வாசலுக்கு வந்து ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துக் கை காட்டினார். ஆண்டியப்பன் கங்காணி விசில் அடித்தார் பார், அப்படி ஒரு விசிலை அவர் பென்சன் எடுக்கும்வரை இனி அடிக்கமாட்டார். நாங்கள் ஏழு பேரும் கூடையை உருட்டிவிட்டு இறங்கினோம். படம் எடுக்க வந்தவருக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை. பலூனை எடுத்துக்கொண்டு போனார்.

டின்னை எல்லாம் சீல் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். நம் லயத்துச் சாரதாவின் தாயில்லாப் பேத்திக்கு மட்டும் டொக்டரே எழுதிக் கொடுத்து, இந்திராதேவி மிஸ் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று தனியாகக் கலக்கப் பழக்கினார். ஒரு பிள்ளைக்கென்றால் இரண்டு கை போதும் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "மருந்து மாதிரி நினைச்சுக் கலக்குங்க" என்றார் மிஸ். மருந்துக்கு விரதம் இல்லையாம். அக்கா ஆத்தாவிடம் பூப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எனக்கு முதல் வாரம் ஒன்றும் சரியாக வரவில்லை. இவன் கத்தினான், நானும் அழுதேன். "வாயில வச்சுக்கிட்டே இரும்மா. கேக்குற புள்ளைக்குத்தான் ஊறும்" என்று மிஸ் தினமும் வந்து சொன்னார். இப்போது விசில் சத்தம் கேட்டாலே நனைந்துவிடுகிறது. மறுபடி துணி மடித்து வைத்துக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன். துவைக்கிற வேலை கூடிவிட்டது.

பல்லைப் பற்றி அன்றைக்குச் சொல்ல வந்தேனே, இப்போது இரண்டு பல். கடிக்கிறான், திட்டினால் சிரிக்கிறான். காலால் கடதாசியை உதைக்கிறான், பேனையைப் பிடுங்கப் பார்க்கிறான். மேலே ஒரு பெரிய கோடு போகிறதே, அது அவன் எழுதியது. அத்தைக்கு எழுதிய முதல் கடிதம் என்று வைத்துக்கொள்.

முறைப்படி உன் நலம் கேட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். கங்காணி விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். இவன் விடுகிற மாதிரி இல்லை. ஜெயந்தினி, நீ